இடிந்து நிற்கும் சுரங்கக் கட்டடத்தை என்ன செய்வது? ஐந்து வழிகளும் என் தேர்வும்

சுரங்கம் மூடப்பட்டதும் முதலில் வெளியேறுவது இரும்பு. இயந்திரம், கொதிகலன், தண்டவாளம், கூரைத் தகரம் எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். அடுத்த சில பத்தாண்டுகளில் மரம் உளுத்துவிடும். மிஞ்சுவது கல்லும் செங்கல்லும் ஒரு புகைபோக்கியும்தான். அவையும் சாயத் தொடங்கும்போது நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் ஒரு முடிவெடுத்தே ஆக வேண்டும்.

உலகெங்கும் இதுவரை ஐந்து விதமாக முடிவெடுத்திருக்கிறார்கள். முழுக்க ஆவணப்படுத்திவிட்டுக் காலத்தின் போக்கில் விட்டுவிடுவது. இருக்கும் நிலையிலேயே மேற்கொண்டு இடியாமல் நிறுத்திவைப்பது. கூரையும் இயந்திரமுமாக மீட்டெடுப்பது. வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது. பெயர்த்து வேறிடம் கொண்டுபோவது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கல் கட்டடங்களுக்கு இரண்டாவது வழிதான் சரி. இயந்திரம் உள்ளேயே இருந்தால் மூன்றாவது வழிக்கு முழு மனதோடு போகலாம். மற்ற மூன்றும் குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டும் பொருந்தும். ஆனால் எந்த வழியானாலும், கட்டடத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அது தவறாகத்தான் முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காப்பாற்ற வேண்டியது எது?

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய சுரங்கங்களின் எஞ்சின் கூடங்கள் 200-க்கும் மேல் இன்னும் நிற்கின்றன. கார்ன்வாலும் அதை ஒட்டிய மேற்கு டெவனும் சேர்ந்த சுரங்க நிலப்பரப்பு, பத்துப் பகுதிகளாக, 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கூடம் ஒரு சிறிய கோட்டைக் கொத்தளமாகத் தெரியும். உண்மையில் அது இயந்திரத்தின் ஒரு பகுதி. கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போல ஒரு பெரிய இரும்புத் துலா அதன் முன்சுவரின் மேல் அமர்ந்து ஏறி இறங்கும். துலாவின் ஒரு பாதி கூடத்துக்குள்ளே நீராவி உருளையின் மேல் இருக்கும். மறுபாதி வெளியே சுரங்கக் குழிக்கு மேல் நீண்டிருக்கும். மொத்தப் பாரமும் முன்சுவரில் இறங்குவதால்தான் அந்தச் சுவர் மட்டும் மற்ற மூன்றையும்விடத் தடிமனாக இருக்கிறது. ஈஸ்ட் பூல் சுரங்கத்தின் டெய்லர் குழியில் இன்றும் உள்ள இயந்திரத்தின் உருளை 90 அங்குல விட்டம் கொண்டது. அதன் துலா 50 டன்னுக்கு மேல் எடையுள்ளது. அப்படிப்பட்ட ஒன்று இடைவிடாமல் அசைந்ததைத் தாங்கிய சுவர் அது. துலா இல்லாமல் அந்தச் சுவரைப் புரிந்துகொள்ள முடியாது. குழியை மூடிப் புல் விதைத்துவிட்டால் துலாவையும் புரிந்துகொள்ள முடியாது.

கூடத்தைச் சுற்றித்தான் உண்மையான தொல்லியல் கிடக்கிறது. கொதிகலன் கூடத்தின் அடித்தளம், தாதுவை இடித்த இடம், தாதுவைக் கழுவிப் பிரித்த களம், வட்டமான கழுவுதொட்டிகள், ஆர்சனிக் வறுத்த உலை, நீர் வந்த வாய்க்கால், எல்லாவற்றுக்கும் கீழே கழிவுக் குன்று. எந்தத் தாது, எவ்வளவு நுணுக்கமாக அரைக்கப்பட்டது, எதைப் பிரிக்கத் தெரியாமல் வீசினார்கள் என்பதையெல்லாம் கழிவு மண்ணின் அடுக்குகள் சொல்லும். சுரங்கக் கணக்கேடுகள் தொலைந்துபோன இடங்களில் அந்த மண்தான் கணக்கேடு.

இந்தக் கழிவுக் குன்றுகள்தான் அதிகமாக அழிந்தன. அதற்கு ஒரு கனமான காரணம் உண்டு. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபானில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அதன் பிறகு பிரிட்டனில் கழிவுக் குன்றுகளை வழித்துச் சமன்படுத்துவது பொதுக் கொள்கையாகவே ஆனது. ஆபத்தான குன்றை அகற்றியதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வேகத்தில் ஆபத்தில்லாத களங்களும் பழைய கற்சுரங்கங்களின் சிறு மேடுகளும் புல்டோசருக்குப் போயின. விளைவாகப் பல இடங்களில் ஒரு புகைபோக்கி மட்டும் வெட்டிவிட்ட புல்வெளியின் நடுவே நிற்கிறது. எதற்காகக் கட்டினார்கள் என்று அதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஐந்து வழிகளைவிடவும் மோசமான ஆறாவது வழி இதுதான்: கட்டடத்தைக் காப்பாற்றி, அதன் நிலத்தைச் 'சுத்தம்' செய்வது.

ஆவணப்படுத்திவிட்டு விட்டுவிடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கடல் அரிக்கும் பாறை விளிம்பில் நிற்கும் கூடத்துக்கு அடித்தளமே இல்லாமல் போகப்போகிறது என்றால், சுவருக்குச் செலவழிப்பதைவிட அறிவுக்குச் செலவழிப்பது நேர்மையானது. வண்டி போகாத மலையுச்சிச் சுரங்கங்களுக்கும் இது பொருந்தும். சாரம் கட்டப் பாதை வெட்டினாலே பாதித் தொல்லியல் அழிந்துவிடும் இடங்கள் அவை.

ஆனால் ஆவணப்படுத்தல் என்றால் ட்ரோனில் ஒரு சுற்று பறந்து படம் எடுப்பது அல்ல. பல புகைப்படங்களை இணைத்து முப்பரிமாண உருவம் எடுக்கும் போட்டோகிராமெட்ரியும் லேசர் ஸ்கேனும் சுவரின் உருவத்தை மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகப் பிடித்துவிடும். சுவர் என்ன சொல்கிறது என்பதை மனிதக் கண்தான் படிக்க வேண்டும். உருளை அமர்ந்திருந்த அடிக்கல்லில் பிடிப்பு போல்ட்டுகளுக்கான துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளியிலிருந்து உருளையின் அளவைக் கணிக்கலாம். சக்கரம் உரசிய வளைவுத் தடம் பக்கச் சுவரில் பதிந்திருந்தால், அந்த இயந்திரம் நீர் இறைக்க மட்டுமல்ல, தாதுவைத் தூக்கவும் சுழன்றது என்று தெரியும். ஒரு வாசலின் பக்கக் கல் உடைக்கப்பட்டு அகலமாகியிருந்தால், சுரங்கம் மூடியதும் உருளையை அந்த வழியாக வெளியே இழுத்து விற்றிருக்கிறார்கள் என்று பொருள். இயந்திரங்கள் கைமாறுவது சாதாரணமாக நடந்தது. மேலே சொன்ன டெய்லர் குழி இயந்திரமே 1892-இல் வேறொரு சுரங்கத்துக்காகச் செய்யப்பட்டு, பிறகு அங்கே வந்ததுதான். அதனால் ஒரு கூடத்தில் இரண்டு இயந்திரங்களின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். எது முந்தியது எது பிந்தியது என்று பிரித்துச் சொல்வதுதான் தொல்லியலாளரின் வேலை.

உள்ளே விழுந்து கிடக்கும் இடிபாடும் சான்றுதான். கூரை ஓடு, தளப் பலகை, இரும்புப் பிடிப்புகள், மண்ணெண்ணெய் விளக்கின் உடைசல் எல்லாம் விழுந்த வரிசையிலேயே அடுக்காகக் கிடக்கும். மண் அள்ளும் இயந்திரத்தை வைத்து ஒரே நாளில் அள்ளி வெளியே கொட்டினால், கட்டடம் எப்படி நின்றது என்பதற்கான சிறந்த சான்று போய்விடும். அந்த இடிபாட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை எந்த ஸ்கேனரும் காட்டாது. அகழ்ந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே 'பதிவுசெய்துவிட்டோம்' என்று சொல்வதற்கு முன் தரைக்குக் கீழே பார்த்தோமா என்று கேட்க வேண்டும்.

இந்த வழியின் உண்மையான அபாயம், முடிவெடுக்காமல் இருப்பதும் இந்த முடிவும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரிவது. எழுத்தில் இருக்க வேண்டும்: ஏன் விடுகிறோம், எதுவரை விடுகிறோம், ஆவணம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது. சுவரை விட்டுவிடலாம், குழியை விட்டுவிட முடியாது. திறந்த குழியைக் கான்கிரீட்டால் மூடினால் உள்ளே வாழும் வௌவால்கள் சிக்கிக்கொள்ளும். கூம்பு வடிவ இரும்புக் கம்பி வலை போட்டால் மனிதர் விழமாட்டார்கள், வௌவால் பறக்கும், குழியின் வாய் கண்ணுக்குத் தெரியும். விலை கூடுதல்தான். ஆனால் எனக்கு இதில் தயக்கமே இல்லை.

இருக்கும் நிலையிலேயே நிறுத்திவைப்பது

கலிஃபோர்னியாவின் கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊர் போடி 1962-இல் மாநில வரலாற்றுப் பூங்கா ஆனது. அங்கே பின்பற்றும் கொள்கை எளிமையானது: கட்டடம் விழாமல் பார்த்துக்கொள்வோம், புதிதாக்க மாட்டோம். ஓட்டை விழுந்த கூரையை அடைப்பார்கள், சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பார்கள், வண்ணம் பூச மாட்டார்கள். உள்ளே மேசையும் புட்டியும் தூசியோடு அப்படியே இருக்கும். இந்த வழியின் கருத்து இவ்வளவுதான். செய்வதுதான் கடினம்.

கல் எஞ்சின் கூடத்தில் முதலில் தோற்பது சன்னல், வாசல் மேலிருக்கும் மர லிண்டல். கூரை போனதும் மழை சுவரின் தலையில் இறங்கி, உள்ளே கசிந்து, மரத்தை உளுக்கவைக்கும். மரம் நொறுங்கியதும் அதன் மேலுள்ள கல் முக்கோணமாகச் சரியும். சன்னல் பெரிய ஓட்டையாகும். இரண்டு ஓட்டைகள் ஒன்றோடொன்று சேரும்போது சுவரின் மூலையே பிரிந்துவிடும். ஆகவே ஒரு கூடத்துக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் லிண்டலை மாற்றுவதைத்தான் சொல்வேன். ஓக் போன்ற கடினமரம் போட வேண்டும். கான்கிரீட் லிண்டல் மலிவு, உடனே தாங்கும். ஆனால் அது விறைப்பானது. பழைய சுவரோ கொஞ்சம் அசையக்கூடியது. உள்ளேயுள்ள கம்பி துருப்பிடித்துப் பருத்தால் அக்கம்பக்கக் கல்லையும் பிளக்கும்.

அடுத்தது சாந்து. பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்திலோ மண் கலந்த சாந்திலோ கட்டியவை. ஈரம் சாந்து வழியாக வெளியேறிக் கல்லைக் காக்கும். சாந்து கரைந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்டைக் கொண்டு மூட்டுகளை அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கும். பனி உறையும் ஊரில் அந்த ஈரம் உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்க்கும். உறையாத ஊரில் உப்பு அதே வேலையைச் செய்யும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது கொத்தனார்கள் அறிந்த விதி. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசிய சுவர்களைப் பிறகு கவனமாகக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு போட வேண்டியிருந்த இடங்கள் ஏராளம். கடற்கரையோரம் நிற்கும் கூடங்களுக்கு வெறும் சுண்ணாம்பு போதாமல், நீரில் இறுகும் தன்மையுள்ள சுண்ணாம்பு வேண்டியிருக்கும். எது பொருந்தும் என்பதைப் பழைய சாந்தை ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுவரின் தலைக்கு இரண்டு வழிகள். கல்லும் சாந்துமாகச் சரிவாகக் கட்டி மூடுவது ஒன்று. மண் போட்டுப் புல்தரை விரிப்பது இன்னொன்று. புல்தரை மழையை உறிஞ்சி மெல்ல விடும், வெயிலுக்கும் உறைபனிக்கும் நடுவே தடுப்பாக இருக்கும், விரிசல் விடாது. எனக்குப் பிடித்தது இதுதான். செங்குத்தாக உயர்ந்த மெல்லிய சுவரில் மட்டும் காற்று அதைப் பெயர்த்துவிடும். அங்கே கல்தலைதான் நிற்கும்.

கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் படரும் ஐவி கொடியைக் கண்டதும் பிடுங்கத் தோன்றும். சுவருக்குள் வேர் விட்டிருந்தால் அந்த வேர்தான் இப்போது கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடுங்கிய மறுநாள் சுவர் சரியலாம். அடியில் வெட்டி, காயவிட்டு, சாரம் கட்டிய பிறகு கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அங்கங்கே சாந்து வைத்துக்கொண்டே போக வேண்டும்.

இந்த வழிக்குக் கல் ஒத்துழைக்கும். மரமும் தகரமும் கான்கிரீட்டும் அந்த அளவுக்கு ஒத்துழைக்காது. சிலியின் பாலைவனத்திலுள்ள ஹம்பர்ஸ்டோன், சாண்டா லாரா வெடியுப்பு ஆலைகள் 2005-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அன்றே அபாயப் பட்டியலிலும் சேர்ந்தன. மரச் சட்டமும் நெளிதகரமும் கொண்ட கூடங்கள். உப்புக் காற்று, நிலநடுக்கம், பொருள் திருட்டு எல்லாமும் சேர்ந்து அரித்தன. பல ஆண்டு வேலைக்குப் பிறகு 2019-இல்தான் அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அலாஸ்காவின் கென்னிகாட்டில் மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் 14 மாடித் தாதுப் பிரிப்பு ஆலை முழுக்க மரம். சுரங்கம் 1938-இல் மூடியது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1998-இல் வாங்கியது. அங்கே அடித்தளத்தையும் கூரையையும் புதுப்பிக்காமல் 'இருந்தபடி' வைப்பது நடக்காது. ஜப்பானின் நிலக்கரிச் சுரங்கத் தீவான ஹஷிமாவில் 1916-இலிருந்து எழுந்த கான்கிரீட் குடியிருப்புகளில் கம்பி கடலுப்பால் துருப்பிடித்து உள்ளிருந்தே வெடிக்கிறது. இத்தகைய கட்டடங்களில் நிறுத்திவைப்பது என்றால் ஆண்டுதோறும் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான். முப்பது ஆண்டு கழித்து அசல் எவ்வளவு மிஞ்சும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீட்டெடுப்பது

கார்ன்வாலின் லெவண்ட் சுரங்கத்தில் 1840-இல் நிறுவிய துலா இயந்திரம் ஒன்று இருந்தது. 1930-இல் சுரங்கம் மூடியபோது அது பழைய இரும்புக்குப் போக வேண்டியது. அதைக் காப்பாற்றுவதற்காகவே 1935-இல் சிலர் குழுவாகச் சேர்ந்தார்கள். பல பத்தாண்டுகள் இயந்திரம் எண்ணெய் பூசி நின்றது. பிறகு தன்னார்வலர்கள் பகுதி பகுதியாகக் கழற்றிச் சீர்செய்து, 1990-களின் தொடக்கத்தில் மறுபடி நீராவியில் ஓடவைத்தார்கள். துலா மேலேறும்போது கூடம் முழுக்க எழும் மூச்சைக் கேட்டவர்களுக்கு, அந்தத் தடித்த முன்சுவர் ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கவே தேவையில்லை. இதற்கு ஈடாக எந்தத் தகவல் பலகையையும் வைக்க முடியாது.

ஆனால் அங்கே எல்லாக் கட்டடத்தையும் மீட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் இருந்த கூடம் மட்டும் மீட்கப்பட்டது. பக்கத்து நீரிறைப்புக் கூடம் கூரையில்லாத சுவராகவே நிற்கிறது. களங்களின் அடித்தளங்கள் திறந்து கிடக்கின்றன. 1919-இல் தொழிலாளர்களை ஏற்றியிறக்கிய இயந்திரத்தின் தண்டு அறுந்து 31 பேர் இறந்த இடமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அந்தக் குழியின் மேல் புதுக் கூரை போட்டு இயந்திரத்தின் நகல் வைத்திருந்தால் அது எனக்கு ஏற்றதாகத் தோன்றியிருக்காது. ஒரே வளாகத்துக்குள் கட்டடத்துக்குக் கட்டடம் வேறு முடிவு எடுக்கலாம், எடுக்க வேண்டும்.

இயந்திரமே இல்லாத கூடத்துக்குக் கூரை போடுவது வேறு விஷயம். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று பழங்கட்டடப் பாதுகாப்புக்கான 1964-இன் வெனிஸ் சாசனம் சொல்கிறது. கூரையின் சாய்வு, சன்னல் சட்டத்தின் பிரிவு, படிக்கட்டின் இடம் இவற்றுக்குப் புகைப்படமோ வரைபடமோ இல்லையென்றால் நாம் கட்டுவது நம் கற்பனையை. செம்புச் சுரங்க ஊரான ஆஸ்திரேலியாவின் புர்ராவில் கூடி 1979-இல் எழுதிய சாசனம், தேவையான அளவு செய், முடிந்தவரை குறைவாகச் செய் என்கிறது. கட்டடப் பாதுகாப்பு உலகம் முழுக்கக் கையாளும் அந்த விதி ஒரு சுரங்க ஊரின் பெயரைத் தாங்கியிருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

மீட்டெடுப்பின் கணக்கில் பலர் சேர்க்க மறப்பது ஆட்களை. கொதிகலனுக்குச் சோதனைச் சான்று வேண்டும், ஓட்டத் தெரிந்தவர் வேண்டும், அவருக்குப் பின் ஓட்ட இளையவர் பழக வேண்டும். வேல்ஸின் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980-இல் மூடி 1983-இலேயே அருங்காட்சியகமாகத் திறந்ததால் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களே பார்வையாளரைக் கீழே 90 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போனார்கள். இன்றும் கடிகாரம், கைப்பேசி எதையும் மேலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சுரங்க வாயு தீப்பிடிக்காமலிருக்கத் தீப்பொறி தரக்கூடிய எதையும் கொண்டுபோகக் கூடாது என்ற விதி பார்வையாளருக்கும் உண்டு. மூடியதற்கும் திறந்ததற்கும் இடையே முப்பது ஆண்டு போயிருந்தால் அந்த அறிவு போயிருக்கும். கட்டடம் காத்திருக்கும். வேலை தெரிந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். மூடும் தறுவாயில் உள்ள சுரங்கம் பற்றி முடிவெடுப்பவர்கள் அவர்களின் பேச்சைப் பதிவுசெய்வதைச் சுவருக்கு முன்னால் வைக்க வேண்டும்.

வேறு பயனுக்கு மாற்றுவது

ஜெர்மனியின் எஸ்ஸனிலுள்ள சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தின் 12-ஆம் குழி 1932-இல் வேலையைத் தொடங்கி 1986-இல் நின்றது. ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் என்ற கட்டடக் கலைஞர்கள் எஃகுச் சட்டமும் மெல்லிய செங்கல் முகப்புமாக வரைந்த வளாகம் அது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் வடிவமைப்பில் 1997-இல் கொதிகலன் கூடம் வடிவமைப்பு அருங்காட்சியகமானது. பழைய கொதிகலன்களுக்கு நடுவிலேயே காட்சிப்பொருள்கள் இருக்கின்றன. 2001-இல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது. நிலக்கரி கழுவும் கூடம் 2010-இல் ரூர் அருங்காட்சியகமானது. நிலக்கரி கன்வேயரில் மேலேறிக் கீழ்நோக்கி இறங்கியபடி பிரிந்ததைப் போலவே, பார்வையாளரும் நகரும் படிக்கட்டில் 24 மீட்டர் உயரத்துக்கு ஏறி அங்கிருந்து இறங்கி வருகிறார்கள். தொழிலின் பாதையைப் பயன்பாட்டின் பாதையாக வைத்தது நல்ல முடிவு. இடிக்க இருந்த வளாகம் இன்று உயிரோடு இருப்பது பெரிய வெற்றி.

ஆனால் இந்த வெற்றியை எடுத்துக்காட்டிச் சின்னக் கல் கூடங்களை வீடாகவும் விடுதியாகவும் மாற்றத் துடிப்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். சோல்வெரைனின் கூடங்கள் பெரியவை, 20-ஆம் நூற்றாண்டுக்குரியவை, பாரத்தைச் சுவர் அல்ல, எஃகுச் சட்டமே தாங்குபவை. ஒரு பகுதியை மாற்றினாலும் தொழிலின் ஒழுங்கு தெரியும். ஒரு எஞ்சின் கூடத்தின் உள்ளளவோ சில மீட்டர்தான். அதற்குள் மூன்று தளம் போட்டு, சுவருக்கு வெப்பக் காப்பு ஒட்டி, சமையலறைக் குழாய் இறக்கினால் சுவரிலுள்ள எல்லாத் தடங்களும் மறைந்துவிடும். அதைவிட மோசமாக, வாகனம் நிறுத்தவும் கழிவுநீர்த் தொட்டிக்கும் வெளிக் களத்தைத் தோண்டுவார்கள். கருங்கல் பாறை நாட்டில் பழைய குழியின் பக்கத்தில் வீடு என்றால் பாறையிலிருந்து கசியும் கதிரியக்க ரேடான் வாயுவையும் கணக்கில் எடுக்க வேண்டும். உட்புறத்தில் சான்று எதுவும் மிஞ்சாத கட்டடம், பட்டறை, அலுவலகம், தொழிலாளர் உடைமாற்றும் கூடம் இவற்றை மாற்றுங்கள். அவற்றுக்கு மாற்றம்தான் நல்ல வாழ்வு.

பெயர்த்துக்கொண்டு போவது

இதை விரைவாகக் கடந்துவிடலாம். 1929-இல் ஹென்றி ஃபோர்டு இங்கிலாந்தின் ஆஷ்டன் அருகே வெட்டவெளியில் கிடந்த நியூகாமன் வகை இயந்திரம் (18-ஆம் நூற்றாண்டின் தொடக்ககால நீராவி இயந்திர வகை) ஒன்றை அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். டியர்பார்ன் நகர அருங்காட்சியகத்தில் அது நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது; போகாமல் இருந்திருந்தால் இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். யார்க்‌ஷயரின் எல்சிக்காரில் 1795-இன் இன்னொரு நியூகாமன் இயந்திரம், கட்டிய அதே கூடத்தில், அதே குழியின் மேல் நிற்கிறது. முதலாவது இயந்திரம் எப்படி இயங்கியது என்பதைக் கற்பிக்கும். இரண்டாவது, ஏன் அந்த இடத்தில் இயங்கியது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கும். அழிவு உறுதி என்றால் மட்டும் பெயர்த்தெடுங்கள். இயந்திரத்தைப் பெயர்க்கலாம், குழியைப் பெயர்க்க முடியாது.

எல்லா வழிகளுக்கும் பொதுவான மூன்று தடைகள்

நஞ்சு முதலாவது. வெள்ளீயத் தாதுவோடு வந்த ஆர்சனிக்கை உலையில் வறுத்து ஆவியாக்கி, வளைந்து வளைந்து போகும் நீண்ட கல் அறைகளில் படியவைத்தார்கள். பிறகு ஆட்கள் மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுரண்டி எடுத்தார்கள். அந்தச் சுவர்களில் இன்றும் ஆர்சனிக் இருக்கிறது. சுரண்டிக் கழுவினால் சான்றும் போகும், நஞ்சு ஓடைக்கும் போகும். பெரும்பாலும் தொடாமல் மூடி, மழை ஓடும் வழியைத் திருப்பிவிடுவதே நல்லது.

இரண்டாவது, அந்த நஞ்சிலேயே வாழும் உயிர்கள். செம்புக் கழிவு மண்ணில் மட்டும் வளரும் ஒரு பாசி இனம் கார்ன்வாலின் சில சுரங்க நிலங்களையும் அயர்லாந்தில் ஒரு இடத்தையும் தவிர வேறெங்கும் கிடையாது. நல்ல மண் கொட்டிப் பசுமையாக்கினால் அது அழியும். தாவரவியலாளரும் தொல்லியலாளரும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே கழிவு மேட்டைக் காக்கச் சொல்கிறார்கள். முடிவெடுப்போர் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மூன்றாவது, யாருடைய வரலாறு என்பது. ஹஷிமா 2015-இல் உலகப் பாரம்பரியமானபோது, அங்கே கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட கொரியர்களின் கதையும் சொல்லப்படும் என்ற உறுதியோடுதான் ஆனது. அது போதிய அளவு நிறைவேறவில்லை என்று உலகப் பாரம்பரியக் குழு 2021-இல் கடுமையாக வருத்தம் தெரிவித்தது. சுவரை எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் இந்தக் குறை இருந்தால் பாதுகாப்பு நிறைவாகாது. உடைமாற்றும் அறை, தாது பொறுக்கிய பெண்களும் சிறுவர்களும் உட்கார்ந்த கொட்டகை, கூலி கொடுத்த சாளரம் இவையெல்லாம் எஞ்சின் கூடத்தைவிடத் தாழ்வாக, மெல்லிய சுவரோடு, முதலில் விழுபவை. அதனால்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

நான் எடுக்கும் வரிசை

ஒரு கூடம் என் பொறுப்பில் இருந்தால் முதலில் குழியைக் கம்பி வலையால் மூடுவேன், பிறகு தற்காலிக முட்டுக் கொடுப்பேன். முட்டு இருந்தால் அவசரம் குறையும், யோசிக்க நேரம் கிடைக்கும். அடுத்து கட்டடத்தையும் களத்தையும் கழிவு மேட்டையும் சேர்த்து ஒரே வரைபடத்தில் அளப்பேன். அந்த வரைபடம் கையில் வருவதற்கு முன் எந்தக் கட்டடத்தின் முடிவையும் பேசமாட்டேன்.

அதன் பின் கேள்வி எளிதாகிறது. இயந்திரம் இருக்கிறதா? இருந்தால் கூரை போட்டு உலரவைக்கலாம், ஓட்டுவது பிறகு. இயந்திரம் இல்லை, கல் சுவர் இருக்கிறது, நிலம் உறுதியாக இருக்கிறது என்றால் லிண்டலும் சுண்ணாம்பும் சுவர்த்தலையும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மரமும் தகரமும் என்றால், தொடர்ந்து பராமரிக்க ஒரு அமைப்பு கண்முன் இருக்கும்போது மட்டும் தொடங்குவேன். இல்லையென்றால் சிறந்த ஒரு கட்டடத்தைத் தேர்ந்து அதற்கு எல்லாவற்றையும் கொடுத்து, மற்றவற்றை ஆவணத்தில் வைப்பேன். பத்துக் கட்டடத்துக்கும் பத்தில் ஒரு பங்கு வேலை செய்தால் பத்தும் விழும்.

பணம் திரட்டும்போது பராமரிப்புக்கான தொகையைத் தனியாக ஒதுக்காத திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். சுண்ணாம்பு வேலை நல்லபடியாகச் செய்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் ஏறிச் சுவர்த்தலையைப் பார்க்க வேண்டும், முளைத்த செடியைச் சிறிதாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், திறந்த மூட்டை அடைக்க வேண்டும். அதே கொத்தனாரை, அல்லது அவரிடம் பழகியவரை, அதே சாந்துக் கலவைக் குறிப்போடு அழைக்க முடிய வேண்டும். ஆகவே கலவையின் விகிதம், மணல் வந்த இடம், எந்தக் கல் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதெல்லாம் கட்டடத்தின் அளவைப் படத்தோடு ஒரே கோப்பில், பொதுக் காப்பகத்தில் போய்ச் சேர வேண்டும்.